ஏரி, குளங்களில் நன்னீர் மீன்களை இனங்காணல்

ஏரி, குளங்களில் நன்னீர் மீன்களை இனங்காணல் என்பது ஏரி, குளம், குட்டை, வாய்க்கால் ஆகிய உள்நாட்டு நீர்நிலைகளில் வாழும் மீன்களை நோக்கி, அவற்றின் உடலமைப்பு, நிறம், நடத்தை ஆகியவற்றைக் கொண்டு இனம் பிரித்தறியும் செயற்பாடு ஆகும். மீனியலில் இது ஓர் அடிப்படைப் பயிற்சி. இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு குறிப்பேடு, ஓர் அளவுகோல், ஓர் ஒளிப்படக் கருவி, பொறுமை ஆகியவை போதுமானவை. பறவை நோக்கலைப் போலவே மாணவர்களும் ஆர்வலர்களும் இதில் ஈடுபடலாம். எனினும் மீன்கள் நீருக்குள் மறைந்திருப்பதால் நோக்கும் முறை மாறுபடுகிறது.

இக்கட்டுரை தமிழ்நாட்டின் வடகடலோரச் சமவெளி ஏரிகளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. குறிப்பாகக் கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம், மங்கலம்பேட்டை சுற்றுவட்டாரத்தில் உள்ளவை போன்ற மழைநீர் ஏரிகள் இங்கு கருதப்படுகின்றன. இங்கு கூறப்படும் மீன்களுட் பெரும்பாலானவை தமிழ்நாட்டின் பிற சமவெளிப் பகுதிகளிலும் இலங்கையின் உலர்வலயக் குளங்களிலும் காணப்படுபவையே.

தேவை

தமிழ்நாட்டில் சுமார் 39,000 பாசன ஏரிகள் உள்ளதாகக் கணக்கிடப்படுகிறது. இவற்றின் மீன்வளம் பெரும்பாலும் எடையாகவும் ஏலத்தொகையாகவும் மட்டுமே பதிவாகிறது. எந்த ஏரியில் எந்தெந்த இனங்கள் இருந்தன என்ற குறிப்பு அரிது. வளர்ப்புக்காக விடப்படும் கெண்டை மீன்களுக்குக் கணக்கு உண்டு. விலை போகாத சிறு கெண்டைக்கும் அயிரைக்கும் முண்டக்கண்ணிக்கும் கணக்கு இல்லை. எனவே அவை ஓர் ஏரியிலிருந்து மறைந்தாலும் அது யாருக்கும் தெரியவருவதில்லை.

மற்றொரு தேவை அயல் இனங்களைப் பற்றியது. ஆப்பிரிக்கக் கெளுத்தி, திலாப்பியா போன்றவை ஒரு நீர்நிலையில் நிலைபெற்றுவிட்டால் அவற்றை நீக்குவது மிகக் கடினம். அவை முதன்முதலில் தென்படும்போதே அடையாளம் காணப்படுவது பயனுள்ளது. ஆனால் தவறாக இனங்காணப்பட்ட பதிவு, பதிவே இல்லாததைவிடத் தீங்கானது. நாட்டுக் கெளுத்தியை அயல் கெளுத்தி எனக் கருதி அழிப்பதும், அயல் மீனை நாட்டு மீன் எனக் கருதிக் குளத்தில் விடுவதும் இத்தகைய தவறுகளால் நேர்கின்றன.

நீர்நிலையும் வாழிடங்களும்

மங்கலம்பேட்டை, விருத்தாசலம் வட்டத்தில் விருத்தாசலம் - உளுந்தூர்பேட்டைச் சாலையில் அமைந்துள்ள ஒரு பேரூராட்சி ஆகும். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் நகரின் ஊடாக மணிமுத்தாறு ஓடுகிறது. கல்வராயன் மலையில் தோன்றும் இவ்வாறு வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. இம்மாவட்டத்தின் பெரிய நீர்நிலைகளுள் திட்டக்குடி அருகேயுள்ள வெலிங்டன் நீர்த்தேக்கமும், பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அமைக்கப்பட்ட வீராணம் ஏரியும் அடங்கும். சிற்றூர் ஏரிகள் இவற்றைவிட மிகச் சிறியவை. அவை வடகிழக்குப் பருவமழையால் நிரம்பிக் கோடையில் வற்றுபவை.

ஓர் ஏரி முழுவதும் ஒரே வாழிடம் அன்று. நோக்குபவர் கீழ்க்காணும் பகுதிகளைத் தனித்தனியாகக் கருதுதல் நன்று.

* கரையோர ஆழமற்ற பகுதி: புல்லும் கோரையும் நிறைந்த இடம். முண்டக்கண்ணி, சிறு கெண்டைகள், மீன்குஞ்சுகள் ஆகியவை இங்கு மிகுதி.
* மதகை அடுத்த ஆழமான பகுதி: ஏரியில் கடைசியாக வற்றும் இடம். வாளை, பெரிய விரால், வளர்ப்புக் கெண்டைகள் ஆகியவை இங்கு ஒதுங்கும்.
* வரத்து வாய்க்கால்: மழைத் தொடக்கத்தில் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறும் வழி.
* கலங்கல்: ஏரி நிரம்பி வழியும்போது மீன்கள் வெளியேறும் இடம். கீழுள்ள ஏரிக்கு மீன்கள் பரவுவது பெரும்பாலும் இவ்வழியே.
* அடிச்சேறு: தேளி, ஆரல், கொரவை ஆகியவை பதுங்கும் இடம்.

பருவம்

முதல் மழைக்கு ஏரியில் நீர் வந்தவுடன் மீன்களும் தோன்றுவதால், மீன்கள் மழையோடு வானிலிருந்து விழுகின்றன என்ற நம்பிக்கை ஊர்ப்புறங்களில் உண்டு. உண்மையில் விரால், கொரவை, தேளி, பனையேறி போன்றவை செவுளைத் தவிர வேறோர் உறுப்பினாலும் காற்றைச் சுவாசிக்க வல்லவை. ஏரி வற்றும்போது இவை ஈரமான சேற்றினுள்ளும் கடைசிக் குட்டைகளிலும் தங்கிப் பிழைத்திருக்கும். புதுநீர் வந்ததும் வெளிப்படும். ஏனைய மீன்கள் வாய்க்கால் வழியாகவும் மேலேரி வழியாகவும் வந்து சேர்கின்றன.

நோக்குவதற்கு ஏற்ற காலங்கள் இரண்டு. முதலாவது, அக்டோபர் முதல் சனவரி வரையிலான நிறைநீர்க் காலம். இனப்பெருக்க நிறங்களையும் குஞ்சுகளைக் காக்கும் நடத்தையையும் அப்போது காணலாம். இரண்டாவது, நீர் வற்றி மீன் அறுவடை நடக்கும் கோடை. மீன்பாசிக் குத்தகை எடுத்தோர் வலையிழுக்கும் நாளில், ஏரியிலுள்ள பெரும்பாலான இனங்களைக் கரையிலேயே பார்க்க இயலும். விற்பனைக்கு ஆகாதென ஒதுக்கப்படும் சிறுமீன் குவியல்தான் நோக்குபவருக்கு மிகவும் பயனுடையது.

மீன் சந்தையில் காணும் மீன்களைக் கொண்டு ஓர் ஏரியின் பட்டியலை உருவாக்குதல் தவறு. சந்தைக்கு வரும் வளர்ப்பு மீன்கள் பிற மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவையாக இருக்கக்கூடும்.

வரலாறு

வாளை, வரால், கயல், கெண்டை, கெளிறு, அயிரை, ஆரல் ஆகிய மீன்பெயர்கள் சங்க இலக்கியங்களிலேயே பயின்று வருபவை. இவற்றுட் பல இன்றும் அதே வடிவிலோ சிறு மாற்றத்துடனோ மீனவர் வழக்கில் உள்ளன.

அறிவியல் முறையிலான விளக்கங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கின. இதில் தரங்கம்பாடிக்குச் சிறப்பிடம் உண்டு. அப்போது டென்மார்க்கின் குடியேற்றமாக இருந்த அவ்வூரில் சமயப் பணியாற்றிய கிறித்தோப் சாமுவேல் சான், உள்ளூர் மீன்களைச் சேகரித்து பெர்லின் நகர மருத்துவரும் மீனியலாளருமான மார்க்கசு எலியேசர் புளோக்கிற்கு அனுப்பினார். தேளி மீன் 1794இல் புளோக்கினால் தரங்கம்பாடி மாதிரியைக் கொண்டே விவரிக்கப்பட்டது. அதன் சிற்றினப் பெயரான ஃபாசிலிஸ் என்பது 'தோண்டியெடுக்கப்பட்டது' என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லாகும். நாட்டுக் கெளுத்தியும் அதே ஆண்டில் அவரால் பெயரிடப்பட்டது. சானைச் சிறப்பிக்கும் வகையில் ஒரு கடல்மீன் பேரினத்திற்கு சானியசு எனப் புளோக்கு பெயரிட்டார்.

தரங்கம்பாடியில் பணியாற்றிய தால்டார்ஃபு என்னும் டேனிய அலுவலர், 1791 நவம்பரில் குளத்தருகே நின்ற ஒரு பனைமரத்தின் பட்டைப் பிளவில் மீன் ஒன்றைக் கண்டதாக எழுதினார். இக்குறிப்பு 1797இல் இலண்டன் இலின்னேயச் சங்கத்தின் இதழில் வெளியாகி ஐரோப்பாவில் பெரும் வியப்பை ஏற்படுத்தியது. அம்மீனே பனையேறிக் கெண்டை. இது செவுள்மூடியையும் துடுப்புகளையும் ஊன்றித் தரையில் நகர வல்லது. எனினும் மரமேறுகிறது என்பது உறுதிப்படவில்லை. மரத்தில் காணப்பட்டவை பறவைகளால் கொண்டுசெல்லப்பட்டுத் தவறவிடப்பட்டவையாக இருக்கலாம் எனப் பிற்கால ஆய்வாளர்கள் கருதினர்.

பின்னர் தாமசு செர்டன் 1849இல் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி எழுதினார். சென்னை மாகாணப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிசு டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் குறித்த நூலில் பல மீன்களுக்குத் தமிழ் உள்ளிட்ட வட்டாரப் பெயர்களையும் பதிவு செய்தார். இந்நூல் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சென்னை மாகாணத்தில் 1907இல் பிரடெரிக் நிக்கல்சன் முயற்சியால் மீன்வளத்துறை தொடங்கப்பட்டது. 1916இல் இந்திய விலங்கியல் கணக்கெடுப்பு நிறுவனம் உருவானது. 2012இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

இனங்காணப் பயன்படும் உடற்பகுதிகள்

நிறம் மட்டும் நம்பத்தக்க அடையாளம் அன்று. கலங்கல் நீரில் வாழும் மீன் வெளிறியும், தெளிநீரில் வாழும் அதே இன மீன் கருத்தும் இருக்கும். இறந்த மீனின் நிறம் விரைவில் மாறிவிடும். ஆகவே கீழ்க்காணும் பகுதிகளே முதன்மையாகக் கருதப்படுகின்றன.

* துடுப்புகள்: முதுகுத்துடுப்பு, மார்புத்துடுப்பு, இடுப்புத்துடுப்பு, குதத்துடுப்பு, வால்துடுப்பு ஆகியவற்றின் எண்ணிக்கை, நீளம், அமைவிடம்.
* கொழுப்புத்துடுப்பு: கெளுத்திகள் சிலவற்றில் முதுகுத்துடுப்புக்கும் வாலுக்கும் இடையே காணப்படும், கதிர்களற்ற சதைப்பற்றான சிறு துடுப்பு.
* முள்ளும் கதிரும்: துடுப்பைத் தாங்கும் கூரிய, கிளையற்ற கடின எலும்பு முள் எனவும், வளையக்கூடிய கணுவுள்ள எலும்பு கதிர் எனவும் வழங்கப்படும். இவற்றின் எண்ணிக்கை ஓர் இனத்தில் பெரும்பாலும் குறுகிய வரம்புக்குள் அமையும்.
* மீசை: வாயைச் சுற்றியுள்ள உணரிழைகள். இவை எத்தனை இணை என்பது முக்கியம்.
* வாயின் அமைவு: மேல்நோக்கிய வாய் மேற்பரப்பு இரையையும், கீழ்நோக்கிய வாய் அடித்தள இரையையும் காட்டும்.
* பக்கக்கோடு: உடலின் பக்கவாட்டில் செல்லும் துளையுள்ள செதில் வரிசை. இது முழுமையானதா, இடையில் முறிந்ததா என்பதும், இவ்வரிசையின் செதில் எண்ணிக்கையும் குறிக்கப்படும்.

படிமுறைத் திறவுகோல்

இத்திறவுகோல் சமவெளி ஏரிகளில் பரவலாகக் காணப்படும் குழுக்களுக்கு மட்டுமே உரியது. ஒவ்வொரு எண்ணிலும் மீனுக்குப் பொருந்தும் கூற்றைத் தெரிந்து அடுத்த எண்ணுக்குச் செல்லவேண்டும்.

1. உடல் பாம்பு போன்றோ கோல் போன்றோ மிக நீண்டு ஒடுங்கியது எனில் 2. இல்லையெனில் 3.
2. முதுகில் தனித்தனிச் சிறு முட்களின் வரிசை இருப்பின் ஆரல். முட்கள் இன்றி முதுகு, வால், குதத்துடுப்புகள் ஒன்றாக இணைந்திருப்பின் விலாங்கு. இரு தாடைகளும் நீண்டு அலகு போல் இருப்பின் கொக்கு மீன்.
3. செதில்கள் கண்ணுக்குப் புலப்படாமல், மீசை இருப்பின் 4. செதில்கள் தெளிவாகத் தெரியின் 7.
4. கொழுப்புத்துடுப்பு இருப்பின் நாட்டுக் கெளுத்தியும் அதன் உறவினங்களும். இல்லையெனில் 5.
5. முதுகுத்துடுப்பு தலையின் பின்னிருந்து வால்வரை நீண்டிருப்பின் நடைக்கெளுத்தி. குறுகியதெனில் 6.
6. வாய்ப்பிளவு கண்ணையும் தாண்டிச் சென்று, மீசை 2 இணை இருப்பின் வாளை. தலை தட்டையாக, மீசை 4 இணை இருப்பின் தேளி. விரலினும் சிறிய உடலும், குறுமீசைகளும், கண்ணுக்குக் கீழே ஒரு முள்ளும் இருப்பின் அயிரை.
7. இரண்டு முதுகுத்துடுப்புகள் இருந்து, இடுப்புத்துடுப்புகள் இணைந்து வட்டு போல் அமைந்திருப்பின் உளுவை. முதுகுத்துடுப்பு ஆழமாகப் பிளவுபட்டு, உடல் ஊடுருவித் தெரியின் கண்ணாடி மீன். ஒரே முதுகுத்துடுப்பு எனில் 8.
8. முதுகுத்துடுப்பில் 10க்கு மேற்பட்ட கூரிய முட்கள் இருப்பின் 9. இல்லையெனில் 10.
9. செவுள்மூடியின் விளிம்பு வாள்பல் போன்றிருப்பின் பனையேறிக் கெண்டை. அவ்வாறின்றிக் குதத்துடுப்பில் 3 முட்கள் இருப்பின் திலாப்பியா. 12 அல்லது அதற்கு மேற்பட்ட முட்கள் இருப்பின் சேத்தக் கெண்டை வகை.
10. முதுகு, குதத்துடுப்புகள் இரண்டும் நீண்டு, தலை பாம்பின் தலையை ஒத்திருப்பின் விரால் வகை. இல்லையெனில் 11.
11. வால்துடுப்பு வட்டமாகவும் வாய் மேல்நோக்கியும் இருக்கும் சில சென்டிமீட்டர் மீன் எனில் முண்டக்கண்ணி, கம்பூசியா அல்லது கப்பி. வால்துடுப்பு கவட்டை போல் பிளவுபட்டிருப்பின் கெண்டை வகை.

முதன்மை மீன் வகைகள்

விரால் வகை

சன்னா பேரினத்தைச் சேர்ந்த இம்மீன்கள் நன்னீர் ஏரிகளின் முதன்மைக் கொன்றுண்ணிகள். சமவெளியில் பரவலாகக் காணப்படும் மூன்று இனங்களைத் துடுப்புக் கதிர்களைக் கொண்டு பிரித்தறியலாம்.

* விரால் (சன்னா ஸ்ட்ரையேட்டா): முதுகுத்துடுப்பில் 38 முதல் 43 வரை கதிர்கள், பக்கக்கோட்டில் 50 முதல் 57 வரை செதில்கள். அடிவயிறு வெண்மை. பக்கவாட்டில் சாய்ந்த கரும்பட்டைகள்.
* கொரவை (சன்னா பங்டேட்டா): முதுகுத்துடுப்பில் 29 முதல் 32 வரை கதிர்கள், பக்கக்கோட்டில் 37 முதல் 40 வரை செதில்கள். சுமார் 30 செ.மீ.க்கு மேல் வளர்வதில்லை.
* பூவிரால் (சன்னா மருலியஸ்): முதுகுத்துடுப்பில் 45 முதல் 55 வரை கதிர்கள். இளமீனின் வாலடியில் வெண்வளையம் சூழ்ந்த கரும்புள்ளி உண்டு. ஒரு மீட்டருக்கு மேலும் வளரும்.

மழைக்காலத்தில் கரையோரம் செம்மஞ்சள் நிறக் குஞ்சுக்கூட்டம் ஒன்று பந்து போல் மேலெழுந்து காற்றை உறிஞ்சி மீண்டும் அமிழ்வதைக் காணலாம். அவை விரால் குஞ்சுகள். அவற்றின் கீழே தாய் அல்லது தந்தை மீன் காவல் இருக்கும். இந்நேரத்தில் பெற்றோரைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். தெலங்காணாவின் மாநில மீன் விராலே.

கெளுத்தியும் உறவினங்களும்

நாட்டுக் கெளுத்திக்கு (மிஸ்டஸ் விட்டேட்டஸ்) மீசை 4 இணை. செவுளுக்குப் பின்னே ஒரு கரும்புள்ளியும் உடல்நெடுகக் கோடுகளும் உண்டு. இதன் முதுகு, மார்புத்துடுப்பு முட்கள் கையைக் கிழிக்க வல்லவை.

தேளிக்கு (ஹெட்டிரோப்னூஸ்டிஸ் ஃபாசிலிஸ்) மிகக் குறுகிய, முள்ளற்ற முதுகுத்துடுப்பும் மிக நீண்ட குதத்துடுப்பும் உண்டு. மார்புத்துடுப்பு முள்ளில் நஞ்சு உள்ளது. தேள் கொட்டியது போன்ற கடுமையான வலியை இது ஏற்படுத்தும்.

வாளை (வல்லாகோ அட்டு) ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய பெருமீன். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது அழிவாய்ப்பு இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. இலக்கியத்தில் மிகுதியாகப் பேசப்படும் மீன் இன்று அரிதாகி வருவது குறிப்பிடத்தக்கது.

சிறு கெண்டைகள்

இனங்காண்பதில் மிகுந்த குழப்பம் தருபவை இவையே. விரலளவே உள்ள இம்மீன்கள் அனைத்தும் வழக்கில் 'கெண்டை' அல்லது 'பொடிக்கெண்டை' எனப்படுகின்றன. கரும்புள்ளிகளின் இடமும் மீசையும் இவற்றைப் பிரிக்க உதவும்.

* புன்டியஸ் சோபோர்: மீசை இல்லை. வாலடியில் ஒரு புள்ளி, முதுகுத்துடுப்பின் அடியில் மற்றொரு புள்ளி.
* புன்டியஸ் சோலா: மேல்தாடையில் ஓர் இணை மீசை. வாலடியில் ஒரு புள்ளி.
* பெத்தியா டிக்டோ: மீசை இல்லை. மார்புத்துடுப்பின் மேலே ஒரு புள்ளி, குதத்துடுப்புக்கு மேலே மற்றொரு புள்ளி.
* புன்டியஸ் விட்டேட்டஸ்: மீசை இல்லை. முதுகுத்துடுப்பில் நெடுக்கான கருங்கீற்று.

இவற்றின் அறிவியற் பெயர்கள் பழைய நூல்களில் வேறாக இருக்கும். 2012இல் இலங்கை அறிவியலாளர் உரோகான் பெத்தியகொடையும் உடன் ஆய்வாளர்களும் புன்டியஸ் பேரினத்தைப் பிரித்து, பெத்தியா, டாக்கின்சியா உள்ளிட்ட புதிய பேரினங்களை ஏற்படுத்தினர். பெத்தியா என்பது சிறு கெண்டைகளைக் குறிக்கும் சிங்களப் பெயரிலிருந்து வந்தது. எனவே பழைய நூலில் புன்டியஸ் டிக்டோ என்றும் புதிய நூலில் பெத்தியா டிக்டோ என்றும் காணப்படுபவை ஒரே மீனே.

வளர்ப்புக் கெண்டைகள்

ஏரிகளில் இன்று பெருமளவு காணப்படும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் இந்திய மீன்களே ஆயினும் தமிழ்நாட்டு ஏரிகளுக்கு உரியவை அல்ல. இவை கங்கை முதலான வட இந்திய ஆறுகளைத் தாயகமாகக் கொண்டவை. தேங்கிய நீரில் இவை இயல்பாக முட்டையிடுவதில்லை. 1957 சூலை 10 அன்று இராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசிவழி செலுத்தி இந்தியக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அதன் பின்னரே குஞ்சு உற்பத்தி பெருகி நாடெங்கும் ஏரிகளில் விடப்பட்டன. அந்நாள் இந்தியாவில் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

* கட்லா (தோப்பா மீன்): பெருந்தலை, மேல்நோக்கிய வாய், மீசை இல்லை.
* ரோகு: ஓரத்தில் மடிப்புள்ள தடித்த உதடு, செந்நிறச் சாயல்.
* மிர்கால்: மழுங்கிய முகம், கீழ்நோக்கிய அகன்ற வாய், வெள்ளி உடல்.
* சாதாக் கெண்டை: மீசை 2 இணை, நீண்ட முதுகுத்துடுப்பு.
* வெள்ளிக் கெண்டை: மிக நுண்ணிய செதில்கள், தாழ்ந்து அமைந்த கண்கள்.
* புல்கெண்டை: உருளை போன்ற நீண்ட உடல், பெரிய செதில்கள்.

இவற்றுள் இறுதி மூன்றும் வெளிநாட்டு இனங்கள். வெள்ளிக் கெண்டையும் புல்கெண்டையும் 1959இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன.

அயல் இனங்களும் ஒப்புமைக் குழப்பங்களும்

திலாப்பியாவும் சேத்தக் கெண்டையும்

தமிழ்நாட்டில் ஜிலேபி எனப்படும் மொசாம்பிக் திலாப்பியா ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. இது 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நாட்டு மீனான சேத்தக் கெண்டையுடன் இது அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகிறது. சேத்தக் கெண்டையே கேரளத்தின் கரிமீன்; 2010இல் அம்மாநிலத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்டது. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி குதத்துடுப்பின் முட்களை எண்ணுவதாகும். மொசாம்பிக் திலாப்பியாவுக்கு 3, சேத்தக் கெண்டைக்கு 12 அல்லது 13. மஞ்சள் நிறச் சிறு மீனான செல்லக்காசும் சேத்தக் கெண்டையின் உறவினமே. அதற்கும் 12க்குக் குறையாத முட்கள் உண்டு.

வால்துடுப்பில் செங்குத்தான ஒழுங்கான கோடுகள் இருப்பின் அது நைல் திலாப்பியா. நீர் வற்றும்போது ஏரித்தரையில் தட்டு வடிவக் குழிகள் வரிசையாகத் தென்பட்டால், அவை ஆண் திலாப்பியாக்கள் தோண்டிய கூடுகளாக இருக்கலாம். மொசாம்பிக் திலாப்பியாவின் பெண்மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காப்பதால் இதன் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன.

ஆப்பிரிக்கக் கெளுத்தி

கிளாரியஸ் கேரிபினஸ் எனப்படும் இம்மீனை வளர்ப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. கழிவுநீரிலும் பிழைக்கக்கூடியது, கிடைக்கும் நாட்டு மீன்களையும் தவளைகளையும் உண்பது, வெள்ளத்தில் பண்ணைகளிலிருந்து தப்பி ஏரிகளுக்குள் பரவுவது. ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். உறவினமான நாட்டு நடைக்கெளுத்தி (கிளாரியஸ் மாகூர்) அரை மீட்டரைக்கூட எட்டுவது அரிது. அது செம்பட்டியலில் அருகிவரும் இனமாக உள்ளது. வளர்ந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியின் உடலில் பளிங்குக்கல் போன்ற திட்டுகளும், தலையின் அடிப்புறத்தில் இருபக்கமும் கரும்பட்டையும் காணப்படும். இளமீன்களில் இவ்வடையாளங்கள் தெளிவாக இரா. ஆதலால் தலையின் மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் படமெடுத்து வல்லுநரிடம் காட்டிய பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

முண்டக்கண்ணியும் கொசு மீனும்

கொசு ஒழிப்புக்காக கம்பூசியா 1928இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இது குஞ்சு ஈனும் மீன். இதே பணியைச் செய்யும் நாட்டு மீன் முண்டக்கண்ணி. மேலிருந்து நோக்கினால் முண்டக்கண்ணியின் தலையுச்சியில் ஒளிரும் வெள்ளிப்புள்ளி ஒன்று தெரியும். கம்பூசியாவுக்கும் கப்பிக்கும் அப்புள்ளி இல்லை. மீனைப் பிடிக்காமலேயே கரையில் நின்று உறுதிசெய்யத்தக்க அடையாளம் இது. கம்பூசியா பிற மீன்களின் முட்டைகளையும் தலைப்பிரட்டைகளையும் உண்பதால், முண்டக்கண்ணி ஏற்கனவே வாழும் குளத்தில் அதனை விடுவது பயனற்றது மட்டுமன்றித் தீங்கானதும் ஆகும்.

தொட்டி மீன்கள்

வீட்டு மீன்தொட்டிகளில் பாசி தின்பதற்காக வளர்க்கப்படும் 'டேங்க் கிளீனர்' எனப்படும் தென்னமெரிக்கக் கெளுத்தி, வளர்ந்தபின் குளங்களில் விடப்படுவதால் தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பரவியுள்ளது. எலும்புத் தகடுகளால் மூடப்பட்ட கரடுமுரடான உடலும், அடிப்புறத்தில் உறிஞ்சி போன்ற வாயும் கொண்டு இதை எளிதில் அறியலாம்.

நோக்கும் முறையும் பதிவும்

காலை வேளையில், கதிரவனை முதுகுப்புறம் கொண்டு, நிழல் நீரில் விழாதவாறு நிற்றல் வேண்டும். முனைவாக்கக் கண்ணாடி அணிந்தால் நீர்ப்பரப்பின் ஒளித்தெறிப்பு குறைந்து மீன்கள் தெளிவாகத் தெரியும். ஓரிடத்தில் அசையாமல் இருந்தால், ஒதுங்கிய சிறுமீன்கள் சற்று நேரத்தில் திரும்பி வரும். மேற்பரப்புக்கு வந்து காற்றை உறிஞ்சி மறையும் மீன் காற்றைச் சுவாசிக்கும் இனமாக இருக்கக்கூடும். ஆனால் விடியற்காலையில் எல்லா மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்தால், அது நீரில் உயிர்வளி குறைந்துள்ளதற்கான அறிகுறி.

ஒரு பதிவில் கீழ்க்காண்பவை இடம்பெற வேண்டும்.

* நாள், நேரம், நீர்நிலையின் பெயர், ஊர்.
* ஏரியின் எப்பகுதி, நீர் எந்த அளவில் இருந்தது.
* கண்ட முறை: கரையிலிருந்து, தூண்டிலில், வலையில், அல்லது அறுவடைக் குவியலில்.
* மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை நீளம்.
* மீனவர் கூறிய பெயர், அவர் ஒலித்தவாறே.
* தலை இடப்பக்கம் இருக்குமாறு, துடுப்புகள் விரிந்த நிலையில், அளவுகோலுடன் ஒரு பக்கவாட்டுப் படம்.

வட்டாரப் பெயரைத் திருத்தாமல் பதிவது முக்கியம். ஒரே பெயர் இரு மாவட்டங்களில் இரு மீன்களைக் குறிப்பதுண்டு. கெண்டை என்னும் ஒரு சொல் புன்டியஸ், பனையேறி, சேத்தக் கெண்டை, வளர்ப்பு மீன் எனப் பல குடும்பங்களைச் சேர்ந்த மீன்களை உள்ளடக்குகிறது. இதற்கு மாறாக, நூல்களில் இல்லாத நுட்பமான வேறுபாடுகளுக்கும் மீனவரிடம் தனிப்பெயர்கள் இருப்பதுண்டு. உறுதியாகத் தெரியாத மீனை 'புன்டியஸ், இனம் அறியப்படவில்லை' எனப் பேரின அளவில் நிறுத்துவது குறையன்று. அதுவே சரியான முறை.

ஒரே ஏரியை ஆண்டுதோறும் அதே பருவத்தில் நோக்கிப் பதிவது, பல ஏரிகளை ஒருமுறை பார்ப்பதைவிடப் பயன் தரும். ஓர் இனம் முன்பு இருந்தது, இப்போது இல்லை என்பதை அத்தகைய பதிவினால் மட்டுமே கூற இயலும்.

பாதுகாப்பும் சட்டமும்

* மழைக்காலத்தில் ஏரிக்கரையின் உட்சரிவு வழுக்கும். மண் எடுக்கப்பட்ட குழிகள் நீரின் அடியில் மறைந்திருக்கும். சிறுவர் தனியே இறங்கலாகாது. மதகு, கலங்கல் ஆகியவற்றின் அருகே நீரில் நிற்றல் தீங்கானது.
* தேளி, கெளுத்தி ஆகியவற்றை வெறுங்கையால் பற்றுதல் கூடாது. தேளி குத்தினால், காயத்தைக் கழுவி, தோல் பொறுக்கும் அளவு சூடான நீரில் அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். வலி நீடித்தாலோ வீக்கம் பரவினாலோ மருத்துவரை நாடவேண்டும்.
* வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் தடை செய்கிறது.
* ஏரியின் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். மாதிரிக்காக ஒரு மீனைப் பிடிப்பதாயினும் குத்தகைதாரரின் இசைவு பெறுதல் முறை.
* ஒரு நீர்நிலையில் பிடித்த மீனை வேறொரு நீர்நிலையில் விடலாகாது. தொட்டி மீன்களுக்கும் இது பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

* விரால்
* கெண்டை
* பனையேறிக் கெண்டை
* வீராணம் ஏரி
* மணிமுத்தாறு
* அயல் ஊடுருவு இனங்கள்